ஏழாம் அத்தியாயத்துப் பெண்மணி

என் கணவர் இருபது வருஷமாகக் கூடவே வைத்திருந்த தம்பியை ஒரே வாரத்தில் வெளியே அனுப்பிவிட்டார். தம்பி என்றால் நிஜ ஆள் யாரும் இல்லை. அவருடைய புத்தகங்களில் பக்கத்துக்கு இரண்டு தடவை வந்து நிற்கிறவன். 'தம்பி, வாய்ப்பு உன் வீட்டு விலாசம் கேட்டு வராது.' 'தம்பி, நேற்று தவறவிட்ட ரயிலுக்காக இன்று அழாதே.' சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு எதிரில் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் கொஞ்சம் நல்லவனாகவும் கொஞ்சம் சோம்பேறியாகவும் இருந்தால் எழுதுகிறவருக்கு வசதி. இவருக்குத் தம்பி அப்படி அமைந்திருந்தான்.

பதிப்பாளர் மாலதிதான் தம்பி வேண்டாம் என்று சொன்னாள். 'ஓட்டத்தை நிறுத்தாதே' என்ற அவருடைய முதல் புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது. தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது என்கிற பிள்ளைகளுக்காக ஒலிப்புத்தகமாகவும் வரும். கேட்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். தம்பி தம்பி என்றால் அவர்கள் அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கிற மாதிரி கேட்க வேண்டியிருக்கும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொன்னேன். அப்போது இவர், "நீ சும்மா கெடளா" என்று சொல்லிவிட்டார்.

இவர் பெயர் பிரம்மநாயகம். குர்லாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தாராவியில் சாயங்கால வேளைகளில் பையன்களுக்கு இன்டர்வியூவில் பேசச் சொல்லிக்கொடுக்கப் போனார். சொல்லிக்கொடுத்ததை எழுதி வைத்தார். எழுதியது புத்தகமாகி, கல்யாண் ரயிலில் நின்றுகொண்டே படிக்கிற பையன்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். மாரீஸ்வரி என்ற பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் டீச்சர், இவருக்கு 'ஏளா', எங்கள் நெல்லைப் பக்கத்தில் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற விதம். இப்போது நாங்கள் இரண்டு பேரும் செம்பூரில் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருக்கிறோம்.

போன ஜனவரியில் என்னுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி, ஒரு செருப்புக்கடி, அதை நான் சட்டை செய்யாமல் விட்டது. கதை அவ்வளவுதான்.

இதில் பெரிய தொந்தரவு வலி என்று நினைப்பீர்கள். பெரிய தொந்தரவு இவருடைய நல்லதனம். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் கால் என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. நாற்காலியின் கால் ஆடினால் "இது ஆடுது" என்கிறார். கடைக்குப் போன் பண்ணி, "துவரம்பருப்பு இருநூத்தம்பது கிராம்" என்கிறார். நெல்லைக்காரன் எவனாவது துவரம்பருப்பை கிராமில் கேட்பானா? நான் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கால் கிலோ என்று சொன்னால் எனக்கு வலிக்கும் என்று நினைத்திருக்கிறார், பாவம். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அசதியாக இருந்தது.

சண்டையும் போடுவதில்லை. முப்பத்தைந்து வருஷம் நாங்கள் சண்டை போட்டுத்தான் குடும்பம் நடத்தினோம். மின்விசிறி வேகத்துக்குச் சண்டை, உப்புக்குச் சண்டை, என் தம்பி கல்யாணத்தில் இவர் சாப்பிடாமல் வந்ததற்கு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய சண்டை. இப்போது நான் சாம்பாரில் உப்பே போடாமல் வைத்தாலும் குனிந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்கிறார். உப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் வருகிறவர்கள் பேசுவதுபோல இவர் எட்டு மாதமாக என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். எழுந்து போகவும் மாட்டேன் என்கிறார்.

இவர் எழுதுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதி முடித்ததும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவேன். கீரை ஆய்ந்துகொண்டு ம், பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டு ம். நான் ம் கொட்டாத இடத்தில் நிறுத்திவிடுவார். "என்ன, இது சரியில்லையா?" என்று கேட்கமாட்டார். பென்சிலை எடுத்து அந்த வரியை அடிப்பார், அவ்வளவுதான். இருபது வருஷத்தில் பதினோரு புத்தகம் இப்படித்தான் உருவானது. அந்தத் தம்பி விஷயம் தவிர நான் வாயைத் திறந்து ஒரு திருத்தமும் சொன்னதில்லை, சும்மா இருந்தே திருத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு இந்த ஏற்பாடு கெட்டுப்போனது. இப்போது நான் ம் கொட்டாவிட்டால், "அசதியா இருக்கும் உனக்கு. பரவால்ல" என்று சொல்லிவிட்டு மேலே படிக்கிறார். வரி அப்படியே நிற்கிறது. இதைக் கவனித்தேன், ஆனால் எடுத்துச் சொல்லத் தெம்பு இல்லை. நிஜமாகவே அசதியாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் ஒரு மழை நாள் மாலதி வீட்டுக்கு வந்தாள். மாட்டுங்காவில் அவளுடைய அப்பா நடத்திய அச்சகத்தைத்தான் பதிப்பகமாக மாற்றி வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். குர்லாவில் ரயில் மாறி, குடையிருந்தும் பாதி நனைந்து வந்து, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப். பழைய பதிப்பில் மாற்ற வேண்டிய சொற்களை எல்லாம் மஞ்சளாக்கி வைத்திருந்தாள். குருட்டு அதிர்ஷ்டம். நொண்டிச் சாக்கு. சொந்தக் காலில் நில். முடங்கிக் கிடக்காதே. பைத்தியக்காரத்தனம். ஆண்மையோடு எதிர்கொள்.

"ஆன்ட்டி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள். "உங்களுக்காகன்னு இல்ல. பொதுவாவே இப்ப இப்படித்தான் பண்றோம். படிக்கறவங்க ஒரு வார்த்தைல நின்னுட்டாங்கன்னா, அதுக்கப்புறம் புஸ்தகம் அவங்களுக்கு இல்லேன்னு ஆயிடறது."

"நொண்டிச் சாக்கு எனக்குப் பிடிச்ச வார்த்தை. எத்தன பயலுவள அத வச்சி வெரட்டியிருக்கேன் தெரியுமா," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு, "அப்ப எதுவுமே உங்களை உறுத்தலையா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் கேட்டவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். இந்த வீட்டில் அது நடந்து நாளாகிவிட்டது.

"முடங்கிக் கிடக்காதே," என்றேன். "அது உறுத்துச்சு. கெடந்தேன்லா, நாலு மாசம். எழுந்திரிக்க முடியாமத்தான் கெடந்தேன். ஆசைப்பட்டா கெடந்தேன்?"

மாலதி உடனே அந்தச் சொல்லை லேப்டாப்பில் தட்டி எடுத்தாள். எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. இதெல்லாம் வெட்டி வேலை என்று அதுவரைக்கும் மனசுக்குள் நக்கலாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதை அன்றோடு விட்டேன்.

இவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். மாலதி கிளம்பும்போது, "நான் இதுக்குன்னே ஒரு புது அத்தியாயம் எழுதுதேம்மா," என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் வந்தால் எங்களுக்கு ஒரு வாரம் வீட்டில் நிம்மதி இருக்காது. ஆனால் அவர் அப்படி உற்சாகமாகி ரொம்ப நாளாகியிருந்தது, அதனால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். வெளியே மழை. மூன்று நாளாகக் காயாத துணி வீடு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஏழாம் அத்தியாயம்," என்றார். "செம்பூரில் ஒரு பெண்மணி."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

'செம்பூரில் ஒரு பெண்மணி இருக்கிறார். உலகம் அவரை மாற்றுத்திறனாளி என்கிறது. அவரோ நமக்கெல்லாம் ஆற்றலின் மறுபெயர். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் சாப்பிட்டீர்களா என்பதுதான்.'

நான் கண் விழித்ததும் கேட்டது அது இல்லை. டாக்டரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். தாராவிப் பள்ளியில் பையன்கள் சொல்லி, அதற்காக நான் அவர்களை வெளியே நிறுத்திய வார்த்தை. டாக்டருக்கும் நர்ஸுக்கும் தமிழ் தெரியாததால் பிழைத்தேன். இவர் அப்போது வராந்தாவில் நின்றிருந்தார்.

'அந்த நாள் தொட்டு இந்த நாள் வரை அவர் கண் கலங்கி யாரும் கண்டதில்லை.'

காணாதது உண்மை. குளியலறையில் பக்கெட்டில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுத்தான் அழுவேன். ஒரு பக்கெட் நிறைவதற்குள் முடித்துக்கொள்ளப் பழகிவிட்டது.

'செயற்கை உறுப்பைப் புன்னகையோடு அணிந்துகொண்டு அவர் எடுத்து வைத்த முதல் அடியைக் கண்டு, அருகிலிருந்தவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். நண்பர்களே, தடைகள் உடலில் இல்லை. மனத்தில்தான் இருக்கின்றன.'

அந்தச் செயற்கைக் கால் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறது. அதை மாட்டினால் கால் மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். கழற்றி வைத்து மூன்று வாரமாகிறது. அது அங்கே நிற்பதால் கதவு முழுசாகத் திறக்காது. தடை உடம்பில்தான் இருந்தது, கதவிலும் இருந்தது.

இவர் படித்துக்கொண்டே போனார். நல்ல குரல். ஒரு சொல்லில்கூட மாலதி மஞ்சள் பூச முடியாது. எல்லாம் மரியாதையான சொற்கள், சுத்தமான சொற்கள், யாரையும் குத்தாத சொற்கள். நான் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரு இடத்திலும் ம் கொட்டவில்லை. எங்கள் வழக்கப்படி பார்த்தால் தலைப்பு முதல் கடைசி வரி வரை அத்தனையும் அடித்திருக்க வேண்டும்.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்தான் கலங்கியிருந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் கையைத் தூக்கி, "வேணாம், ஒண்ணும் சொல்லாத. எனக்குப் புரியுது," என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் மனுஷன் எவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தில் சந்தோஷப்பட்டிருக்கிறார், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மாலதி எனக்கு போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, செவந்த் சாப்டர் அருமை. ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டோம். நாளைக்குக் காலைல பிரிண்டுக்குப் போறது. விழாவை மாட்டுங்காலயே வச்சிண்டிருக்கோம். முதல் பிரதி நீங்கதான் மேடைக்கு வந்து வாங்கிக்கணும். நாலே படிதான். நீங்க நடந்து வர்றச்சே எல்லாரும் எழுந்து நிக்கறதா பிளான்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆன்ட்டி? அந்த சாப்டர் உங்களுக்கு ஓகேதானே? அங்கிள்கிட்ட நான் ரெண்டு தடவை கேட்டேன். அவளுக்குப் படிச்சுக் காட்டினேன், கேட்டுட்டு அப்படியே அழுதுட்டாள்னு சொன்னார்."

"நான் சாயங்காலம் பேசுதேன் மாலதி," என்று வைத்துவிட்டேன்.

அவள்மேல் தப்பு சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு அச்சாகிவிட்டால் அப்புறம் அந்தப் பெண்மணிதான் இருப்பாள். நாலு படி ஏறிப் பொன்னாடை வாங்குவாள். எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் என் முகத்தில் அவளைத் தேடுவார்கள். பால்காரனிடம் சிடுசிடுக்கக்கூட எனக்கு உரிமை இருக்காது. மீதி ஆயுசுக்கும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தெம்பு என்னிடம் இல்லை. அதை நினைத்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது.

இவர் நாலு மணிக்குத் தூங்கி எழுந்து டீ போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரை வாங்கி ஸ்டூலில் வைத்தேன்.

"ஏழாம் அத்தியாயத்த எடுத்துருங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எங்க எடுக்க?"

"புஸ்தகத்துலருந்து. அது வேணாம்."

"ஏன்? பேரு போடலியே."

"பேரு போடாட்டா? செம்பூர்ல ரிட்டையர்டு டீச்சர், எழுத்தாளர் வீட்டம்மான்னு எழுதியிருக்கிய. ஆதார் நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

அவர் ஸ்டூலின் மறுபக்கம் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரிக் குரலில், "எந்த வார்த்தை உனக்குக் கஷ்டமா இருக்குன்னு சொல்லு. இப்பவே மாலதிக்குச் சொல்லி மாத்திருதேன். ஒரு வார்த்தை தப்பா இருக்கா சொல்லு," என்றார்.

"வார்த்தை எல்லாம் சரிதான். பொம்பளதான் வேற யாரோ."

"அப்படின்னா?"

"நான் சிரிக்கல. சாப்டியளான்னு கேக்கல. அந்தக் கால மாட்டி நான் நடந்து யாரும் அழல. நான்தான் அழுதேன், வலி தாங்காம."

"அது சரிளா. புஸ்தகம்னா கொஞ்சம் ஏத்தித்தான் எழுதணும். படிக்கிறவங்களுக்கு ஒரு தெம்பு வேணும்லா."

"யாருக்குத் தெம்பு?"

"உன்ன மாதிரி இருக்கவங்களுக்குத்தான்."

"என்ன மாதிரி இருக்கவ இதப் படிச்சா, எல்லாருக்கும் சிரிப்பு வருது, நமக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குன்னு நெனப்பா. கால் போனது போதாதுன்னு அது வேற அவளுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அப்புறம் அது நடந்தது. டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்தார். டீ ஸ்டூல் முழுக்க ஓடியது.

"பின்ன என்னத்தளா எழுதச் சொல்லுத?" என்று கத்தினார். "காலைலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு செவரப் பாத்து உக்காந்திருக்க பொம்பளையவா? எட்டு மாசமா நான் போடுத டீய ஒரு நாள் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா? ராத்திரி நீ பொரண்டு படுத்தா நான் முழிச்சிக்கிடுதேன். பாத்ரூம் கதவு தெறக்க அஞ்சு நிமிசம் லேட்டானா எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிடுது. இந்த ஈரத்துணிய நாந்தான் காயப்போடுதேன், நாந்தான் மடிக்கேன், அது காயவும் மாட்டேங்கு. எனக்கும் அறுபத்தஞ்சு ஆச்சு. எனக்கும் முடியலளா. அப்படி ஒருத்தி சிரிச்சிக்கிட்டு இருந்தான்னு எழுதும்போதாவது எனக்குக் கொஞ்சம் நல்லாருந்துச்சு. அதுவும் தப்பா?"

பக்கத்து ஃப்ளாட்டில் டிவி சத்தம் குறைந்தது. கேட்கட்டும்.

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். ஆனால் வந்தது நிம்மதிதான். எட்டு மாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று தோன்றியது. உப்பில்லாத சாம்பாருக்கு உப்பில்லை என்று சொல்லக்கூடிய மனுஷன். அந்தப் பெண்மணியை ஏன் எழுதினார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசகர்களுக்காக எழுதியதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்காகவே எழுதியிருக்கிறார். அவருக்கு அவள் வேண்டியிருந்தாள், நான் அவளாக இல்லை. அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"தப்புன்னு சொல்லல," என்றேன். "டீ நல்லாத்தான் இருக்கு. சீனி இல்லாத டீயில இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. நீங்களும் முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, நான் என்ன உடைஞ்சா போயிருவேன்? ஆனா ஒண்ணு கேக்கேன். பதில் சொல்லுங்க."

"என்ன?"

"என் கால நீங்க ஒரு தடவையாவது பாத்திருக்கியளா?"

அவர் கண் கதவுப் பக்கம் போனது.

அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் ரஷீதா வருவாள். தாராவியில் என்னிடம் படித்தவள், இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வந்து என்னைக் குளிக்க வைத்து, துணியைப் பிரித்து, எண்ணெய் தடவி, மறுபடி சுற்றிவிட்டுப் போவாள். அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதுமே இவர் பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவார். பால் அதற்கு முன்பே வந்திருந்தாலும் கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் பிரித்தபோது ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் காலைப் பற்றிய ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டே போனவர், அந்தக் காலை இன்றுவரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை.

இதை நான் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பல நாளாகக் கேட்க நினைத்து, பார்க்கச் சகிக்காமல்தான் போகிறார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு, கேட்காமலே விட்ட கேள்வி அது. கேட்டுவிட்டேன். போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

டீ ஸ்டூலிலிருந்து தரையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. பிறகு மேஜைக்குப் போய் போனை எடுத்து மாலதியைக் கூப்பிட்டார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"மாலதி, நான்தாம்மா. ஏழாம் அத்தியாயம் வேணாம், எடுத்திரு. ஆமா, முழுசா." அவள் அந்தப் பக்கம் ஏதோ கேட்டாள். "இல்லம்மா, வார்த்தைல ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியாத விஷயத்த தெரிஞ்ச மாதிரி எழுதிப்போட்டேன். அவ அழவும் இல்ல. நானா சொன்னேன்." மறுபடி ஏதோ கேட்டாள். "விழாவா? அது அவகிட்ட கேட்டுக்க. எங்கிட்ட கேக்காத."

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முட்டி வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். தூக்கிவிட நான் இருக்கிற நிலைமையும் அவருக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தார்.

"காட்டு," என்றார்.

"இப்ப வேணாம். நீங்க ஒண்ணும் அதுக்காக—"

"காட்டுளா."

போர்வையை விலக்கினேன். புடவையை முழங்கால் வரைக்கும் ஏற்றினேன். ரஷீதா காலையில் சுற்றிய துணியின் நுனியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நிறம் மாறிய தோலையும், தையல் போட்ட கோட்டையும், அந்தச் செயற்கைக் கால் உரித்து வைத்த இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை.

"வலிக்கா?" என்று கேட்டார்.

"வலிக்கு."

"எங்க? இந்தப் புண்ணுலயா?"

இல்லை என்று தலையாட்டினேன். யாரிடமும் நான் சொன்னதில்லை, ரஷீதாவிடம்கூட. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்று பயம். கையை நீட்டி, முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில், மெத்தை விரிப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"இங்க. பெருவிரல்ல."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கையைக் கொண்டுவந்து வெறும் விரிப்பின் மேல் வைத்தார். பிறகு அங்கே விரல் இருப்பதுபோலவே, மெதுவாக அமுக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றேன்.